வானொலி நிகழ்ச்சிக்குப் புதிய நாட்டார் இசையும் பரிசோதனைப் பாப்பும் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சமுதாய வானொலியில் வாரம் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. சினிமாப் பாட்டு வேண்டாம், நாட்டார் இசையும் புதுமாதிரியான பாப்பும் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அப்படித் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் நிலையத்துக்கு வந்த புதியவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே யூடியூபைத் திறந்து நாற்பது பாட்டுக்கு ஒரு பட்டியல் போட்டுவிடுவார்கள். மூன்றாம் வாரமே பட்டியல் தீர்ந்துவிடும். பாதிப் பாட்டுக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாது, கால்வாசிக்குத் தெளிவான ஒலிக்கோப்பு கிடைக்காது, மிச்சத்தில் சில பாட்டு பதினான்கு நிமிடம் ஓடும். அவர்கள் ரசனையில் ஒரு குறையும் இல்லை, வேலையின் வரிசைதான் தலைகீழாகிவிட்டது. பாட்டைத் தேடிப் போனால் ஒரு பாட்டோடு வழி அடைபட்டுவிடும். பாடியவர், வாசித்தவர், பதிவு செய்தவர் என்று ஆட்களைத் தேடிப் போனால்தான் அடுத்த வாரத்துக்கும் வழி இருக்கும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதை வைத்தே அமைந்தவை.

1. முதலில் அறுபது நிமிடத்தைப் பிரியுங்கள்

ஒரு பாட்டுகூடக் கேட்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். எங்கள் நிகழ்ச்சியில் நிலைய அறிவிப்புகளுக்கும் விளம்பரத்துக்கும் 8 நிமிடம், பேச்சுக்கு 10 நிமிடம் போக, இசைக்கு 42 நிமிடம் நிற்கும். அதை மூன்றாக வெட்டிக்கொள்கிறேன்: ஏழு எட்டு நிமிட நீளப் பதிவுகள் இரண்டு, நான்கு நிமிட அளவில் ஐந்து, மூன்று நிமிடம் சொச்சத்தில் இரண்டு.

சினிமாப் பாட்டு போல நாட்டார் இசை நான்கு நிமிடத்தில் முடிந்துவிடாது. வில்லுப்பாட்டில் கதையின் ஒரு சிறு பகுதி மட்டுமே பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு எவ்வளவு நீளம் என்று தெரிந்திருந்தால்தான், கேட்கும்போதே "இது நீள இடத்துக்கு ஆகும்", "இதன் நடுப்பகுதியை மட்டும் கேட்டு வாங்கலாம்" என்று முடிவெடுக்க முடியும்.

2. கைவசம் இருக்க வேண்டியவை

காதை முழுதாக மூடும் ஒரு ஹெட்ஃபோன். மலிவான சின்ன ரேடியோ பெட்டி ஒன்று (எட்டாம் படியில் இதற்கு வேலை இருக்கிறது). கையடக்க ஒலிப்பதிவுக் கருவி, அல்லது வேவ் கோப்பாக (ஒலியை நசுக்காமல் அப்படியே வைக்கும் வகை) பதியும் செயலி உள்ள ஃபோன். நிகழ்ச்சியின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி. உங்கள் சொந்த முகவரியிலிருந்து எழுத வேண்டாம். சில கலைஞர்களின் பதில் ஐந்தாறு மாதம் கழித்து வரும். அதற்குள் நிகழ்ச்சி வேறொருவர் கைக்குப் போயிருந்தால் அந்தத் தொடர்பே அறுந்துவிடும்.

நிலைய மேலாளரிடம் ஒரு கேள்வியையும் இப்போதே கேட்டுவிடுங்கள்: இசை ஒலிபரப்ப நம்மிடம் எந்தெந்த உரிமங்கள் இருக்கின்றன? பதில் எழுத்தில் வேண்டும். ஏழாம் படிக்கு வந்த பிறகு கேட்டால், ஆசையாகத் தொகுத்ததில் பாதியைக் கைவிட வேண்டிவரும்.

3. பதிவேட்டைத் திறந்துவிட்டுக் கேட்கத் தொடங்குங்கள்

ஒரு விரிதாள் போதும். பாடியவர், வாசித்தவர்கள், ஊர், எந்த வகை, பதிந்தவர், பதிந்த ஆண்டு, நீளம், எங்கே கேட்டேன், யார் மூலம் தெரிந்தது, தொடர்பு எண், அனுமதியின் நிலை, பெயரை எப்படி உச்சரிப்பது. ஒவ்வொரு பாட்டுக்கும் இவ்வளவும் வேண்டும். எல்லாக் கட்டமும் அன்றே நிரம்ப வேண்டியதில்லை. ஆனால் காலியாக இருக்கும் கட்டம் கண்ணை உறுத்தினால்தான் அதைத் தேடிப் போவீர்கள்.

இந்தப் பாடத்தை நான் கற்ற விதம் இன்னும் வலிக்கிறது. ஒரு நடவுப் பாட்டை, காணொளியை ஏற்றியவர் பெயரிலேயே அறிவித்துவிட்டேன். மறுநாள் நிலையத்துக்கு ஒரு பெண் ஃபோன் செய்தாள். "பாடுனது எங்க அப்பத்தா. அது பேரச் சொல்லியிருந்தா ஊரே கேட்டிருக்கும்" என்றாள். அடுத்த வாரம் திருத்திச் சொன்னேன். முதல் முறை கேட்டவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறையும் கேட்டிருப்பார்கள்? அன்றிலிருந்து பாடியவர் கட்டம் காலியாக உள்ள எந்தப் பதிவும் எங்கள் நிகழ்ச்சியில் ஒலிப்பதில்லை.

"யார் மூலம் தெரிந்தது" என்ற கட்டத்தைப் புதியவர்கள் வீண் வேலை என்று விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கட்டத்தை மட்டும் வரிசைப்படுத்திப் பாருங்கள். நல்ல பாட்டு எல்லாம் நான்கைந்து பேர் மூலமாகவே வந்திருப்பது தெரியும். தேடலைத் தொடங்க வேண்டியது அவர்களிடமிருந்து.

4. ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்கு

இந்த வேலையின் நடுநாயகமான படி இதுதான். ஒரு பாட்டு பிடித்துவிட்டால், அதைப் போன்ற இன்னொன்றைக் காட்டு என்று செயலியிடம் கேட்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே கேட்டதை ஒட்டியும், பெருவாரியானவர்கள் கேட்பதை ஒட்டியுமே அது பரிந்துரைக்கும். எட்டுப் பேர் மட்டும் கேட்டிருக்கும் பாட்டு அந்த வழியில் உங்களிடம் வந்து சேராது. அதற்குப் பதில் அந்தப் பதிவின் பங்களித்தோர் பட்டியலைத் திறங்கள். கலைஞர்களே தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பத்தின் கீழே பெரும்பாலும் எழுதியிருக்கும். ஸ்பாட்டிஃபையில் பாட்டின் மெனுவுக்குள் இருக்கும். இசைப் பதிவுகளின் விவரங்களைத் தொகுத்துவைக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் பெயரைத் தட்டினால் அவர் கைபட்ட மற்றப் பதிவுகளும் வரிசையாக வரும்.

ஓர் எடுத்துக்காட்டு. டப்ளினைச் சேர்ந்த லங்கம் குழு பழைய ஐரிஷ் நாட்டார் பாடல்களை, அடியில் கனத்த சுருதி இழுத்துக்கொண்டே இருக்க, அச்சமூட்டும் வகையில் பாடுகிறது. 2023-இல் வந்த அவர்களின் ஆல்பத்தைத் தயாரித்தவர் ஜான் மர்ஃபி, ஸ்பட் என்பது அவர் பட்டப்பெயர். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அதே ஆண்டில் முதல் ஆல்பம் வெளியிட்ட ஆக்ஸன் குழு கிடைக்கும். லங்கத்தின் பாடகி ராடி பீட்டும் மர்ஃபியும் அதில் இருக்கிறார்கள். இன்னும் ஓர் அடி வைத்தால், லண்டனின் பிளாக் மிடி குழு மர்ஃபியோடு பதிந்து 2021-இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு வந்து நிற்பீர்கள். அது முழுக்கப் பரிசோதனை ராக். நாட்டார் பாட்டில் தொடங்கி மூன்றே தாவலில் வேறொரு உலகம். ஒரே காதுதான் இரண்டையும் பதிவு செய்திருக்கிறது. இதையே அப்படியே ஒரு நிகழ்ச்சியின் வரிசையாகவும் வைக்கலாம்.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு: தமிழ்நாட்டில் வளர்ந்து அமெரிக்காவில் இயங்கும் பாடகி கானவ்யா. 2024-இல் அவருக்கு இரண்டு ஆல்பங்கள் வந்தன. ஒன்றை வெளியிட்டது பிரிட்டிஷ் ஜாஸ் கலைஞர் ஷபாகா ஹட்சிங்ஸின் நேட்டிவ் ரெபல் நிறுவனம், மற்றதை பெர்லினின் லைட்டர். லைட்டர், பியானோ கலைஞர் நில்ஸ் ஃப்ராமோடு இணைந்த நிறுவனம். இரண்டு நிறுவனங்களின் மற்ற வெளியீடுகளையும் வரிசையாகக் கேட்டால் ஒரு மாத நிகழ்ச்சிக்குப் பொருள் கிடைக்கும். சின்ன வெளியீட்டு நிறுவனம் என்பது பெரும்பாலும் ஒருவரின் அல்லது இருவரின் ரசனை. அவர்கள் ஏற்கெனவே சலித்து வைத்திருக்கிறார்கள்.

சென்னைக்குள்ளேயும் இதே வேலைதான். 2018 ஜனவரியில் முதன்முதலாக மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் கானாப் பாடகர்களும் ராக் இசைக்காரர்களும் ராப் பாடுகிறவர்களும் சேர்ந்திருந்தார்கள். குழுவை நடத்திய தென்மா அதற்கு முன் கபேர் வாசுகியோடு குரங்கன் குழுவில் இருந்தவர். கானா பாடிய இசைவாணியின் வழியே போனால் வடசென்னை. இப்படி ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு தெருவுக்குக் கூட்டிப்போவார்.

பேண்ட்கேம்பில் புதியவர்கள் கவனிக்காத ஒரு வசதி உண்டு. ஆல்பத்தை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் பக்கத்திலேயே தெரியும். ஒரு படத்தைத் தட்டினால் அவர் வாங்கிய எல்லாமே வெளிப்படையாகத் தெரியும். அபூர்வமான ஒரு ஆல்பத்தை வாங்கிய முப்பது பேரில் இரண்டு மூன்று பேரின் ரசனை உங்கள் ரசனைக்கு அண்டை வீடாக இருக்கும். அவர்களைப் பின்தொடருங்கள்.

வெளிநாட்டு நாட்டார் இசைக்கு, வானொலிக்காரர்களே தேர்ந்தெடுக்கும் மாதப் பட்டியல்கள் உதவும். 1991 முதல் ஐரோப்பிய வானொலித் தொகுப்பாளர்கள் வாக்களித்து உருவாக்கிவரும் வேர்ல்ட் மியூசிக் சார்ட்ஸ் யூரோப் அப்படியொன்று. முதல் ஐந்து இடங்களை விட்டுவிட்டு அடிப்பகுதியைப் பாருங்கள். மேலே இருப்பவை எப்படியும் உங்களை வந்தடைந்துவிடும்.

5. ஊருக்குள் இறங்குங்கள்

உங்கள் நிலையத்தின் ஒலி எட்டும் வட்டத்துக்குள்ளேயே இணையத்தில் ஏறாத இசை இருக்கிறது. சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் வழக்கமான திறன் 100 வாட், ஆகவே அந்த வட்டம் சில கிலோமீட்டர்தான். பேருந்திலேயே போய்வந்துவிடலாம்.

முதலில் போக வேண்டியது மைக்செட்காரரிடம். ஊர்க் கொடைக்கும் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர். இந்த வருடம் எந்தச் செட்டு நன்றாகப் பாடுகிறது, யார் குரல் உடைந்துவிட்டது, எந்தப் பையன் புதிதாக உறுமி எடுத்திருக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இரவு முழுக்க உட்கார்ந்து கேட்பவர் அவர் ஒருவரே. மிக்ஸரிலிருந்து உங்கள் கருவிக்கு ஒரு வயர் தரவும் அவரால் முடியும். அடுத்து விளம்பரப் பலகைகள், சுவரொட்டிகள். குழுவின் பெயரும் செல்பேசி எண்ணும் அவற்றிலேயே இருக்கும். கண்ணில் பட்டதும் படமெடுத்துப் பதிவேட்டில் சேருங்கள்.

காலம் பார்த்துப் போக வேண்டும். வட மாவட்டங்களில் பாரதக் கூத்து பங்குனியிலிருந்து ஆடி வரை. நெல்லை, குமரிப் பக்கம் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் கோயில் கொடைகளை ஒட்டி, சித்திரையிலும் ஆடியிலும் நெருக்கமாக நடக்கும். அந்த மாதங்களில் கலைஞர்களைப் பேட்டிக்குக் கூப்பிடாதீர்கள், தூங்கவே அவர்களுக்கு நேரம் இருக்காது. அப்போது போய்க் கேளுங்கள், பதியுங்கள், எண் வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சுக்குக் கார்த்திகை, மார்கழி நல்லது. சென்னையில் இருப்பவர்களுக்கு மார்கழியில் மக்களிசை மேடை, பொங்கலை ஒட்டி சென்னை சங்கமம், லயோலா கல்லூரியில் வீதி விருது விழா என்று பல மாவட்டக் குழுக்களை ஒரே பருவத்தில் கேட்கும் வாய்ப்பு உண்டு. மேடைக்கு முன்னால் உட்கார்ந்துவிடாமல், குழுக்கள் தயாராகும் பின்பக்கம் போங்கள். பறையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருக்கும் அந்தக் கால்மணி நேரம் பேசுவதற்குத் தோதானது. காய்ந்த பறையின் ஒலியும் காயாத பறையின் ஒலியும் வேறு வேறு என்பதால், பதிவைக் காய்ச்சி முடித்த உடனே வைத்துக்கொள்ளுங்கள்.

பதியும்போது நடக்கும் பிழைகள் இரண்டு. ஒன்று, கருவியைப் பறைக்குப் பக்கத்தில் வைப்பது. ஒலி உடைந்துபோகும், பிறகு எந்த மென்பொருளாலும் ஒட்டவைக்க முடியாது. நான்கைந்து மீட்டர் தள்ளி வையுங்கள். அளவு முள் உச்சத்திலும் கழித்தல் 12 டெசிபெலைத் தாண்டாதபடி உள்வாங்கும் அளவைக் குறையுங்கள். இரண்டு, மிக்ஸர் வயரை மட்டும் நம்புவது. மைக் வைக்காத கருவி எதுவும் அதில் வராது. வில்லுப்பாட்டில் குரல் மட்டும் தெளிவாக வந்து குடத்தின் அடிநாதம் காணாமல் போயிருக்கும். வெளியே இன்னொரு கருவி கட்டாயம். வில்லுக்கு நேர் எதிரே வைத்தால் மணிகளின் ஒலி பாட்டை மூடிவிடும், குடத்தின் பக்கமாகத் தள்ளி வையுங்கள்.

ஒப்பாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இழவு வீட்டில் பதிந்த ஒப்பாரியை ஒலிபரப்பாதீர்கள். வீட்டார் அன்று தலையாட்டியிருந்தாலும் வேண்டாம். அன்று அவர்கள் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை. ஒப்பாரி பாடுவதில் பேர்பெற்ற அம்மாக்களை வேறொரு நாள் அவர்கள் வசதிப்படி சந்தித்து, பாட மனமிருக்கிறதா என்று கேளுங்கள். இறந்தவரின் பெயரைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

அறிமுகச் சொற்களையும் கேட்டே வாங்குங்கள். "அண்ணே, மைக்குல உங்களை என்னன்னு சொல்லட்டும்?" ஒருவர் பறையிசைக் கலைஞர் என்பார், ஒருவர் மேளக்காரர் என்பார், ஒருவர் மக்களிசை என்ற சொல்லைத்தான் ஏற்பார். சாவுக்கு வாசிக்கச் சொல்லிச் சாதியின் பெயரால் கட்டாயப்படுத்தப்பட்ட வரலாறு பறைக்கு உண்டு. எந்த அடியை எங்கே வாசிப்பது, எதை வானொலியில் தருவது என்பது அவர்கள் உரிமை.

6. கேட்பதற்கு ஒரு நாள், முடிவுக்கு இன்னொரு நாள்

நான் புதன்கிழமை கேட்கிறேன், சனிக்கிழமை தேர்கிறேன். முதல் நாள் கேட்டதெல்லாம் புதுமையின் போதையில் நன்றாகவே தோன்றும். மூன்று நாள் கழித்து எந்தப் பாட்டின் ஒரு துண்டாவது மனதில் தங்கியிருக்கிறதோ அதை மட்டும் மறுபடி போட்டுக் கேளுங்கள்.

பரிசோதனைப் பாப்பை முதல் முப்பது விநாடியில் தள்ளிவிடாதீர்கள். பல பதிவுகள் மூன்றாம் நிமிடத்தில்தான் திறக்கும். அதே சமயம், வினோதமாக இருப்பதே தகுதி ஆகிவிடாது. என் அளவுகோல் ஒன்றே. அடுப்படியில் வேலை செய்துகொண்டே கேட்கும் ஒருவர் ஒரு நொடி கையை நிறுத்துவாரா? சரிபாதி ஊகம்தான், ஆனாலும் இது என்னைக் காப்பாற்றி வந்திருக்கிறது. ஒலிபரப்பும் ஒவ்வொரு பாட்டுக்கும் பத்துப் பாட்டாவது கேட்கிறேன்.

7. அனுமதி

வாங்கிவிட்டால் ஒலிபரப்பலாம் என்று நினைப்பதுதான் இந்தப் படியில் அதிகம் நடக்கும் பிழை. பேண்ட்கேம்பில் காசு கொடுத்து இறக்கிய கோப்பு நீங்கள் கேட்பதற்கு மட்டும். ஒலிபரப்புக்கு இரண்டு உரிமைகளைப் பார்க்க வேண்டும்: ஒலிப்பதிவின் உரிமை ஒன்று, பாடல் வரிக்கும் மெட்டுக்குமான உரிமை இன்னொன்று.

தனியிசைக் கலைஞரிடம் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். ஆனால் அவர் ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமத் தொகை வசூலிக்கும் அமைப்பு) உறுப்பினரா என்று கேளுங்கள். உறுப்பினர் என்றால் வரிக்கும் மெட்டுக்குமான ஒலிபரப்பு உரிமையை அந்த அமைப்பிடம் ஒப்படைத்திருப்பார், அவர் கடிதம் மட்டும் போதாது.

நாட்டார் பாட்டில் இன்னொரு மயக்கம் உண்டு. "இது ஊர்ப்பாட்டு, யாருக்கும் சொந்தமில்லை" என்பார்கள். பாட்டுக்கு அது பொருந்தலாம், பதிவுக்குப் பொருந்தாது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு நிற்கும். தொண்ணூறுகளின் கேசட் உங்கள் கையில் இருந்தாலும் அது கேசட் கம்பெனியின் உடைமைதான். அந்தப் பாட்டு வேண்டுமென்றால், அதை இன்றும் பாடுகிறவரைத் தேடிப்போய்ப் புதிதாகப் பதியுங்கள். செலவு குறைவு, புதிய குரலும் கிடைக்கும்.

கடிதத்தைத் தமிழில் ஐந்து வரிக்குள் முடியுங்கள்: எந்தப் பாட்டு, எந்த நிலையம், எத்தனை முறை, இணையத்திலும் ஏற்றுவோமா, பணம் தர இயலுமா இயலாதா. எழுதப் படிக்கத் தயங்குபவரிடம் இதையே வாசித்துக்காட்டி, அவர் சம்மதத்தை அவர் குரலில் பதிந்துகொள்ளுங்கள். பதிவு நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

8. கோப்பும் சின்ன ரேடியோ பெட்டியும்

கலைஞரிடம் வேவ் கோப்பு, அல்லது தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் கோப்பு கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக வந்தது வேண்டாம், ஏற்கெனவே நசுங்கியிருக்கும். யூடியூபிலிருந்து இறக்கியதும் அப்படியே.

பிறகு எல்லாப் பாட்டையும் மோனோவாக (இடம், வலம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து) மாற்றி அந்தச் சின்னப் பெட்டியில் கேளுங்கள். பரிசோதனைப் பாப்பில் பல ஒலிகளை இடம் வலமாக விரித்துவைத்திருப்பார்கள். மோனோவில் அவை ஒன்றையொன்று விழுங்கிவிடும். ஹெட்ஃபோனில் மலைக்கவைத்த பாட்டு பெட்டியில் எலும்புக்கூடாக வந்து நிற்கும். உங்கள் நேயர் கேட்பது அந்தப் பெட்டியில்தான்.

பாட்டுக்குள் நீண்ட மௌனம் இருந்தால் ஒலிபரப்புப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சில நிலையங்களில் குறிப்பிட்ட விநாடிகளுக்கு ஒலி வராவிட்டால் தானாகவே வேறு பாட்டு ஓடத் தொடங்கும் ஏற்பாடு இருக்கும். அந்தக் கருவிக்குக் கலைஞரின் மௌனமும் அறுந்துபோன வயரும் ஒன்றுதான்.

9. வரிசையும் பேச்சும்

பரிசோதனைப் பாட்டுகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். ஒரு நாட்டார் பாட்டு, அதே தாளமோ அதே கருவியோ வரும் புதிய பாட்டு, மறுபடி நாட்டார் என்று வைத்தால் காது தானாகவே பாலம் கட்டிக்கொள்ளும். உறுமியைக் கேட்டவுடன் எலக்ட்ரானிக் இசைக்குள் வரும் உறுமியைக் கேட்பவருக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை.

பேச்சில் பெயர், ஊர், ஒரு தகவல், அவ்வளவுதான். பெயரைக் கலைஞரே உச்சரித்து அனுப்பிய குரல்செய்தி இருந்தால் அதையே போடுங்கள். "அழிந்துவரும் கலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எதிரே உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பவரின் முகத்தில் அந்தச் சொல் என்ன செய்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன்.

10. ஒலிபரப்பு முடிந்த மறுநாள்

அவர் பாட்டு வந்த பகுதியை மட்டும் வெட்டி, நாள், நேரம் குறிப்பிட்டு அவருக்கு அனுப்புங்கள். ஸ்மார்ட்ஃபோன் இல்லாதவருக்கு மெமரி கார்டில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள். நேயர் யாராவது அழைத்துப் பேசியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி: "நீங்க யார் பாட்டைக் கேப்பீங்க?" அவர் சொல்லும் பெயரை அங்கேயே பதிவேட்டில் புதிய வரியில் எழுதி, "யார் மூலம் தெரிந்தது" கட்டத்தில் அவர் பெயரைப் போடுங்கள்.